சிற்பக்கூடத்துக்கு வரும் ஆறு இலக்கம்

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் ஒரு கருங்கல் பிள்ளையார் முடிந்துவிட்டார். வைக்கோல் திணித்த மரச்சட்டத்துக்குள் வைத்துக் கட்டி, செயின் பிளாக்கில் தூக்கி லாரியில் ஏற்றியும் ஆயிற்று. ஆனால் வண்டி நகராது. பெங்களூருக்குப் போகிற சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் என்ற ஜிஎஸ்டி சரக்குச் சீட்டு வேண்டும். அதை எடுக்கக் கணக்குப்பிள்ளை இணையதளத்தில் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் போடுகிறார். தளம் உடனே உள்ளே விடுவதில்லை. பதிவு செய்த கைபேசிக்கு ஓர் எண் வரும், அதைப் போடுங்கள் என்கிறது.

ஆறு இலக்கம்தான். அது வந்து சேரும்வரை லாரி திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டை நோக்கித் திரும்பப் போவதில்லை.

இந்த இரண்டாவது கேள்வி எல்லோருக்கும் ஒரே நாளில் வந்ததல்ல. ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 20 அன்று கட்டாயமாயிற்று. 2025 ஜனவரி 1 அன்று 20 கோடிக்கு மேல், பிப்ரவரி 1 அன்று 5 கோடிக்கு மேல் என்று வரம்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஏப்ரல் 1 அன்று மீதமிருந்த அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். சிறிய சிற்பக்கூடங்கள் அந்தக் கடைசி வரிசையில் நின்றவை.

கட்டாயத்துக்குக் காரணம் இருக்கிறது. வங்கிக் கணக்கை யாராவது திறந்துவிட்டால் பணம் போகும். வரிக் கணக்கைத் திறந்துவிட்டால் பெயரே போகும். அந்தக் கணக்கிலிருந்து எழுதப்படும் ஒவ்வொரு பில்லும் உரிமையாளர் எழுதியதாகவே பதிவாகும். அனுப்பாத சரக்குக்கும் பார்த்தறியாத வியாபாரிக்கும் அவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எனவே இந்த ஆறு இலக்கம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வருகிறது, எங்கே வழிமறிக்கப்படுகிறது என்பதைத் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற வழியில் அதற்குக் காவல் போட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். காவலே இல்லாத இடம் கடைசி ஒரு முழம்: கைபேசித் திரைக்கும் நம் வாய்க்கும் நடுவில் உள்ள தூரம்.

ரகசியச் சொல் தனியாக இருந்த காலம்

எண்ணுக்கு முன்னோடி பாஸ்வேர்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்த ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் ஃபெர்னாண்டோ கார்பட்டோ. ஒருவர் கோப்பை இன்னொருவர் திறக்காமல் இருக்க ஆளுக்கொரு ரகசியச் சொல் கொடுத்தார்கள். அது அதிக நாள் ரகசியமாக இருக்கவில்லை. தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல் தவித்த ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், 1962இல் எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் இருந்த கோப்பையே அச்செடுக்கச் செய்து எடுத்துக்கொண்டார். பாஸ்வேர்டின் முதல் திருட்டுகளில் ஒன்று அதன் தொட்டில் பருவத்திலேயே நடந்துவிட்டது.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி உள்ளே போவதில்தான் பலவீனம் இருக்கிறது. ஒருமுறை ஒட்டுக்கேட்டவர் என்றைக்கும் உள்ளே வரலாம். 1981இல் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் இதற்கு ஒரு வழி எழுதினார். ஒரு ரகசியத்தை எடுத்துக்கொண்டு, முன்னே போகலாம், பின்னே திரும்ப முடியாது என்ற வகைக் கணக்கு ஒன்றை அதன் மேல் ஆயிரம் முறை போடுங்கள். ஆயிரமாவது விடையை மட்டும் கணினியிடம் கொடுத்துவையுங்கள். உள்ளே வர விரும்புகிறவர் 999ஆவது விடையைச் சொல்வார். கணினி அதன் மேல் ஒருமுறை கணக்குப் போட்டு ஆயிரமாவது வருகிறதா என்று பார்க்கும். அடுத்தமுறை 998. நடுவில் ஒட்டுக்கேட்டவர் கையில் கிடைப்பது ஏற்கெனவே செலவான விடை. ஒருமுறை மட்டுமே செல்லும் பாஸ்வேர்டு, அதாவது ஓடிபி, என்ற எண்ணம் இப்படித்தான் உருப்பெற்றது.

நம் ஊரில் அதைப் பரவலாக்கியது ரிசர்வ் வங்கி. கார்டை நேரில் தேய்க்காமல் இணையத்தில் செய்யும் பரிவர்த்தனைக்குக் கார்டில் அச்சாகாத இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்ற விதி 2009 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி இருப்பதுபோல: வங்கியின் சாவி மட்டும் இருந்தாலும் திறக்காது, வாடிக்கையாளரின் சாவி மட்டும் இருந்தாலும் திறக்காது. பாஸ்வேர்டு நமக்குத் தெரிந்த ஒன்று. கைபேசிக்கு வரும் எண், நம் கையில் அந்த சிம் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. திருடன் இரண்டையும் ஒருசேர அடைய வேண்டும்.

பிறப்பும் வழித்துணையும்

கணக்குப்பிள்ளை பாஸ்வேர்டைப் போட்டு அழுத்தியதும், தளத்தின் சர்வரில் ஓர் எண் குலுக்கல் முறையில் பிறக்கிறது. 000000 முதல் 999999 வரை மொத்தம் பத்து லட்சம் வாய்ப்பு. முன்னால் பூஜ்யம் வந்தாலும் அதுவும் இலக்கம்தான், விட்டுவிடக் கூடாது. பத்து லட்சம் என்பது கணினிக்குச் சிறிய தொகை. ஆனால் சில முறை தவறினால் கதவு பூட்டிக்கொள்ளும். சில நிமிடத்தில் எண்ணும் செத்துவிடும். அதன் வலிமை நீளத்தில் இல்லை, குறைந்த ஆயுளில் இருக்கிறது.

பிறந்த எண் உடனே எஸ்எம்எஸ் ஆகிவிட முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, மொத்தமாகச் செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரையும், அனுப்புநராகத் தோன்றும் எழுத்துகளையும், செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். டிஎல்டி என்று சொல்லப்படும் பொதுப் பதிவேட்டில் அவை இருக்கும். வாசகத்தில் மாறக்கூடிய இடம், அதாவது எண் உட்காரும் இடம், காலியாக விடப்பட்டிருக்கும். அனுப்பும் செய்தி அந்த அச்சோடு பொருந்தினால்தான் வழிவிடுவார்கள்.

இந்தச் சோதனை எவ்வளவு கண்டிப்பானது என்பதை நாடு ஒருநாள் அனுபவித்தே பார்த்தது. 2021 மார்ச் 8 அன்று சோதனையை முழு அளவில் தொடங்கினார்கள். பல நிறுவனங்கள் வாசகங்களைச் சரியாகப் பதிவு செய்திருக்கவில்லை. வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி, தடுப்பூசிப் பதிவுக்கான ஓடிபி எனப் பலவும் வழியிலேயே நின்றுபோயின. மறுநாளே ட்ராய் அந்தச் சோதனையை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தது. ஆறு இலக்கம் வராமல் போனால் எத்தனை கவுண்டர்கள் மூடிக்கிடக்கும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

அந்தப் பதிவேட்டின் பலனை நாமே திரையில் பார்க்கலாம். செய்தியை அனுப்பியவர் இடத்தில் பத்து இலக்கக் கைபேசி எண் இருக்காது, எழுத்துகள் இருக்கும். முதல் இரண்டில் ஒன்று எந்தத் தொலைபேசி நிறுவனம் என்பதற்கு, மற்றொன்று எந்தத் தொலைத்தொடர்பு வட்டம் என்பதற்கு. கோடு போட்டு அதற்குப் பிறகு வருவது அனுப்புநரின் அடையாளம். 2025 முதல் கடைசியில் இன்னும் ஓர் எழுத்து சேர்ந்திருக்கிறது. விளம்பரம் என்றால் பி, சேவைச் செய்தி என்றால் எஸ், பரிவர்த்தனை என்றால் டி, அரசு என்றால் ஜி. வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து ஒரு லிங்க் வந்தால், அது பதிவேட்டு வழியாக வந்ததல்ல என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

டவர் வரை

சோதனை முடிந்த செய்தி எஸ்எம்எஸ் மையத்துக்குப் போகிறது. அங்கே அது ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த எண்ணுக்கு உரிய சிம் இப்போது எங்கே இருக்கிறது? ஒவ்வொரு நிறுவனமும் தன் சந்தாதாரர்களின் பேரேடு ஒன்றை வைத்திருக்கிறது. எச்எல்ஆர் என்பார்கள். நம் கைபேசி ஊர் மாறும்போதெல்லாம் சத்தமில்லாமல் அந்தப் பேரேட்டில் தன் இடத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பேரேடு சொன்ன பகுதியில் உள்ள டவர்கள் ஒன்றாகக் குரல் கொடுக்கும். உரிய கைபேசி மட்டும் பதில் சொல்லும். எந்த டவர் வழியாகப் பதில் வந்ததோ அந்த டவர் வழியாகச் செய்தி இறங்கும். கைபேசி அணைந்திருந்தால் மையம் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் மறுபடியும் முயலும்.

அனுப்புநர் எழுத்தில் பார்த்த வட்டக் கணக்கில் மாமல்லபுரத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. தொலைத்தொடர்பு உரிமங்களில் நாட்டை வட்டங்களாகப் பிரித்தபோது, சென்னை தனி வட்டம், மீதித் தமிழ்நாடு தனி வட்டம். சென்னை வட்டத்தின் எல்லையைச் சொல்லும் வரியில் சென்னைத் தொலைபேசிப் பகுதியோடு மறைமலை நகர், மீஞ்சூர், மாமல்லபுரம் எக்ஸ்சேஞ்சுகளும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தன. பின்னாளில் இரண்டு வட்டமும் சேர்ந்துவிட்டன. சிலை வாங்க வருகிற வெளிநாட்டுக்காரரும் கடற்கரைக் கோயில் பார்க்க வருகிறவர்களும் நிறைந்த இந்த ஊர் அதற்கு முன்பே சென்னையின் தொலைபேசிக் குடும்பத்தில் ஒன்றாகிவிட்டது.

வழியில் ஒரு பலவீனம் உண்டு. கைபேசிக்கும் டவருக்கும் நடுவில் செய்தி மறைகுறியில் போனாலும், நிறுவனங்களின் உள்வழியில் அது படிக்கத்தக்க எழுத்தாகவே இருக்கிறது. நிறுவனங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற பழைய முறை, எதிரே பேசுகிறவர் யோக்கியர் என்று நம்பியே வடிவமைக்கப்பட்டது. 2017 ஜனவரியில் ஜெர்மனியில் இந்த ஓட்டை வழியாக வங்கி எஸ்எம்எஸ்களைத் திருப்பிவிட்டு வாடிக்கையாளர்களின் கணக்கைக் காலி செய்தார்கள். அவர்களுடைய பாஸ்வேர்டை அதற்கு முன்பே போலித் தளம் வைத்து வாங்கியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். பாஸ்வேர்டு பத்திரமாக இருந்திருந்தால் திருப்பிவிட்ட எண் மட்டும் எதற்கும் உதவியிருக்காது.

எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து என்ற அளவு உண்டு. அது ஆங்கில எழுத்துக்கு. தமிழில் எழுதினால் ஒரு செய்தியில் 70 குறியீடுகளே அடங்கும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும். 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற எச்சரிக்கை நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகிறது. உளி பிடித்தே வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு அந்த வரிதான் மிக முக்கியம். அது அவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். இரண்டு செய்திச் செலவு ஆனாலும் வங்கிகளும் அரசுத் துறைகளும் இதைச் செய்ய வேண்டும்.

கடைசி ஒரு முழம்

எண் வந்துவிட்டது. இனி நடப்பது நம் கண்ணெதிரே தினமும் நடப்பது. உரிமையாளரின் கைபேசி கல் தூசு படிந்த மேஜைமேல் கிடக்கிறது. உள்ளறையிலிருந்து குரல் வருகிறது:

"ஸ்தபதி ஐயா, ஓடிபி வந்திருக்கா பாருங்க."

கிரைண்டர் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருக்கிறது. "நாலு... ஒம்பது... பூஜ்யம்..." சிலை ஏற்ற வந்த ஆட்கள், டிரைவர், விலை கேட்க வந்தவர் எல்லோர் காதிலும் விழுகிறது. ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து கேட்டால் போனிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஒருவரும் திருடரில்லை, உண்மைதான். ஆனால் இந்தப் பழக்கம் ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது: யாராவது ஓடிபி கேட்டால் படித்துச் சொல்ல வேண்டும் என்பதை. அதன் பிறகு அறியாத குரல் ஒன்று அதே தொனியில் கேட்டால், வாய் தானாகச் சொல்லிவிடும். கேட்பவருக்குத் தேவையானது அந்தப் பழக்கம்தான்.

குரல்கள் பலவகை. ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து என்று ஒன்று. கூரியர் என்று ஒன்று. ராணுவ முகாமுக்குச் சிலை வேண்டும், முன்பணம் போடுகிறேன், க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்று ஒன்று. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் ஒருநாளும் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் பெயரிலேயே, 'தவறுதலாக என் ஆறு இலக்க எண் உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்' என்று வருவது இன்னொன்று. அந்த எண்ணைக் கொடுத்த மறுநிமிடம் நம் வாட்ஸ்அப் அவர் கைக்குப் போய்விடும். சிலைப் படங்கள், வாடிக்கையாளர்கள், விலைப் பேச்சு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வாட்ஸ்அப்பிலேயே இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு நாமே வைத்துக்கொள்ளும் ஆறு இலக்கப் பின் வசதி இருக்கிறது. அது போட்டிருந்தால் இந்தத் திருட்டு பாதியில் நின்றுவிடும்.

வாயே திறக்காமல் எண் போவதும் உண்டு. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் ஏபிகே என்ற ஆப் கோப்பு வருகிறது. தொட்டு நிறுவினால், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வருகிற ஓடிபி எல்லாம் திருடனுக்கும் போய்க்கொண்டிருக்கும். சிம்மையே மாற்றி எடுப்பதும் நடக்கிறது. நம் பெயரில் போலி ஆவணம் கொடுத்துப் புது சிம் வாங்கினால், பேரேட்டில் நம் இடத்தில் அந்த சிம் உட்கார்ந்துவிடும். இதற்காகத்தான் சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வசதி நிறுத்திவைக்கப்படுகிறது. காரணமில்லாமல் சிக்னல் போய் நெடுநேரம் வராவிட்டால், டவர் பிரச்சினை என்று சும்மா இருக்கக் கூடாது. அந்த 24 மணி நேரமே நமக்குக் கிடைத்த அவகாசம்.

எல்லாவற்றிலும் சூட்சுமமானது போலித் தளம். பார்க்க அசல் போலவே இருக்கும். நாம் பாஸ்வேர்டு போட்டதும் அது பின்னால் அசல் தளத்தில் போடும். அசல் தளம் ஓடிபி அனுப்பும். நாமே அதைப் போலித் தளத்தில் போடுவோம். அந்த நொடியே அது அசலுக்குப் போய்ச் சேரும். ஆறு இலக்கத்துக்குத் தன்னை யாரிடம் கொடுக்கிறார்கள் என்று தெரியாது.

இதனால் எஸ்எம்எஸ் ஓடிபி வீண் என்று ஒதுக்கிவிடக் கூடாது. கூகுள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், எஸ்எம்எஸ் எண் தானியங்கித் தாக்குதல்கள் அத்தனையையும், மொத்தமாக வலைவீசும் மோசடிகளில் 96 சதவீதத்தையும் தடுத்தது. ஒரு குறிப்பிட்ட ஆளையே குறிவைத்த தாக்குதலில் அது 76 சதவீதமாக இறங்கியது. ஒன்றுமே இல்லாததைவிட இது எவ்வளவோ மேல். இதைவிட மேலானதும் இருக்கிறது.

பயணமே செய்யாத எண்

ஆதென்டிகேட்டர் ஆப்பில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கம் எங்கிருந்தும் வருவதில்லை. கைபேசிக்குள்ளேயே பிறந்து அங்கேயே சாகிறது. 2005இலும் 2011இலும் வெளியான இரண்டு பொதுத் தரங்கள் இதன் ஜாதகம். முதல்நாள் நாம் ஸ்கேன் செய்யும் க்யூஆர் படத்தில் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அது தளத்திடமும் நம் கைபேசியிலும் மட்டும் இருக்கும். 1970 ஜனவரி 1 முதல் இன்றுவரை எத்தனை 30 நொடிகள் கடந்தன என்பதை இரு பக்கமும் எண்ணிக்கொள்ளும். அந்த எண்ணிக்கையையும் சாவியையும் சேர்த்து அரைத்தால் 20 பைட் நீளத்துக்கு ஒரு குழப்பமான விடை வரும். அதன் கடைசி அரை பைட்டைப் பார்த்தால், எந்த இடத்திலிருந்து நான்கு பைட் எடுக்க வேண்டும் என்று அது சொல்லும். எடுத்ததில் முதல் பிட்டை நீக்கி, மீதியைச் சாதாரண எண்ணாக்கி, கடைசி ஆறு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். தளமும் அதே கணக்கைப் போடுகிறது. இரண்டும் ஒத்தால் கதவு திறக்கும்.

இதில் எஸ்எம்எஸ் இல்லை, டவர் இல்லை, சிம்மை மாற்றி எடுத்தாலும் பயனில்லை. இந்தக் கடற்கரைக்கு இதன் அருமை தெரியும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. புயல் நாளில் சிக்னல் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆப்பில் பிறக்கும் எண்ணுக்கு நெட்வொர்க்கே வேண்டாம், கைபேசிக் கடிகாரம் சரியாக ஓடினால் போதும். இ-வே பில் தளத்திலேயே எஸ்எம்எஸ் தவிர, சந்தேஷ் என்ற செய்தி ஆப் வழியாகவும், என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு என்ற ஆப் வழியாகவும் எண்ணைப் பெற வழி வைத்திருக்கிறார்கள். ஷீல்டு இந்த 30 நொடி வகைதான்.

ஆனால் போலித் தளத்தில் நாமே போட்டுவிட்டால் ஆப் எண்ணும் ஏமாந்துபோகும். அந்த ஓட்டையையும் அடைத்தது பாஸ்கீ. 2019 மார்ச்சில் உலகளாவிய இணையத் தரமாக ஏற்கப்பட்ட முறை இதற்கு அடித்தளம். இதில் படித்துச் சொல்ல எண்ணே கிடையாது. கைபேசி தனக்குள் வைத்திருக்கும் சாவியால் ஒப்பமிடும், நாம் விரல் ரேகையோ முகமோ காட்டினால் போதும். அந்தச் சாவி எந்தத் தளத்துக்கென்று உருவாக்கப்பட்டதோ அந்த முகவரியில் மட்டும்தான் ஒப்பமிடும். ஓர் எழுத்து மாறிய போலி முகவரிக்கு அது அசையாது. மனிதக் கண் ஏமாறும் இடத்தில் ஏமாறாத காவல் இது. ரிசர்வ் வங்கியும் 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என அறிவித்த விதிகளில், எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பியிராமல் வேறு வழிகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

கூடத்தில் செய்ய வேண்டியது

முதல் வேலை, ஆளுக்கொரு லாகின். இ-வே பில் தளத்தில் முதன்மைக் கணக்குக்குக் கீழே துணைப் பயனர்களை உருவாக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனி பாஸ்வேர்டு, தனிக் கைபேசி எண். ஓடிபியும் அவரவர் எண்ணுக்கே வரும். கணக்குப்பிள்ளை பில் எடுக்க உரிமையாளரைக் கூப்பிட வேண்டியதில்லை, ஒருவரும் எண்ணைக் கத்த வேண்டியதில்லை. அவர் வேலையை விட்டுப் போனால் அந்த ஒரு கணக்கை மட்டும் நிறுத்திவிடலாம்.

இரண்டாவது, பாஸ்வேர்டு. நம் ஊர்க் கடைகளில் கடைப் பெயரோடு 123, சாமி பெயரோடு ஒரு அட் குறி, கைபேசியின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவைதான் அதிகம் புழங்குகின்றன. சிலர் ஜிஎஸ்டி எண்ணிலிருந்தே எடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் 33இல் தொடங்கி, நடுவில் பான் எண்ணைச் சுமந்து நிற்கும் அந்தப் பதினைந்து இட எண் நாம் கொடுக்கும் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகியிருக்கிறது. ஊருக்கே தெரிந்ததில் ரகசியம் எங்கே இருக்கும்? ஒரு பெரிய எழுத்து, ஒரு குறி, ஓர் எண், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம் என்ற பழைய புத்திமதி அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்ட ஆவணத்திலிருந்து பரவியது. அதை எழுதிய பில் பர், பின்னாளில் அதற்காக வருந்தினார். 2017இல் அந்த நிறுவனமே திருத்திக்கொண்டது: நீளம் முக்கியம், ஏற்கெனவே கசிந்தவற்றின் பட்டியலில் இருக்கக் கூடாது, கசிவு தெரிந்தாலொழியச் சும்மா மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து எழுதினால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். நாமறிந்த பழமொழியோ பாட்டு வரியோ வேண்டாம்.

ஒரு தளத்தில் போட்டதை இன்னொன்றில் போடவே கூடாது. தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் 2012இல் நடந்த திருட்டின் முழு அளவு 2016இல்தான் வெளியே தெரிந்தது. 11.7 கோடிப் பேரின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் விற்பனைக்கு வந்திருந்தன. அப்படிக் கிடைத்ததைத் திருடர்கள் வேறு நூறு தளங்களில் போட்டுப் பார்ப்பார்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்ய யாராலும் ஆகாது. பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொள்ளலாம். அது பழகாதவர்கள் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டிவைக்கலாம். இணையத்தில் இருக்கும் திருடனின் கை அந்தப் பீரோவுக்கு எட்டாது. சுவரில் ஒட்டுவதும், வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பதும்தான் ஆபத்து.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் முன் மின்னஞ்சலைக் காக்க வேண்டும். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் எல்லாத் தளமும் அங்கேதான் கடிதம் போடும். அந்த ஒன்று போனால் மற்றவை தாமாக வரிசையில் போகும். அதற்கு நீளமான தனி பாஸ்வேர்டும், முடிந்தால் பாஸ்கீயும், இல்லாவிட்டால் ஆதென்டிகேட்டரும் போடுங்கள். அப்போது தரப்படும் மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து அதே பீரோவில் வையுங்கள். கைபேசி கடலில் விழுந்தாலும் கணக்கு மீளும். பதிவு செய்த கைபேசி எண் உரிமையாளர் பெயரிலேயே இருக்க வேண்டும். எப்போதோ வேலைபார்த்தவர் வாங்கிக்கொடுத்த சிம்மில் தொழிலைத் தொங்கவிடக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு பணம் போனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே 1930க்குப் போன் செய்ய வேண்டும், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிய வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே போவதற்குள் வழியில் நிறுத்திவைக்க முடியும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

கடைசியாக ஒன்று. ஆளுக்கொரு லாகின் என்றதும் பல கூடங்களில் தயங்குகிறார்கள். பல வருடம் கூடவே இருக்கிற மனிதரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடாதா என்ற கூச்சம் அது. உண்மை நேர்மாறானது. ஒரே பாஸ்வேர்டைப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்ட இடத்தில் தவறு நடந்தால், எந்தக் கை செய்தது என்று எந்தப் பதிவும் சொல்லாது. அப்போது சந்தேகம் முதலில் விழுவது சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்மேல்தான். அவரவர் கணக்கில் அவரவர் வேலை பதிவானால், நேர்மையாக உழைத்தவர் அதைக் காட்டி நிமிர்ந்து நிற்கலாம். தனி லாகின் முதலாளியின் சொத்தைக் காக்கிறது. அதைவிட முக்கியமாக, கணக்குப்பிள்ளையின் நல்ல பெயரைக் காக்கிறது.